பட்டியலில் ஏழாவது இடம்

“யாருங்க அந்த மகாராணி? ஏரியில படகு ஓடுதுன்னு எழுதினவங்க மட்டும் என் கையில கிடைக்கட்டும்...”

தூறலில் நனைந்து, படகு எங்கே என்று திட்டியபடி கரையில் நின்ற இருநூறு பேருக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தான் படகுக்காரன். கையில் அன்றைய நாளிதழ். ‘மூன்று நாள் விடுமுறையா? நம் நகரில் பார்க்கப் பத்து இடங்கள்’ என்ற பக்கம், அடியில் ஒரு பெண்ணின் பெயர்.

மகாராணி அவனுக்கு நாலடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். குடையை மெல்லத் தாழ்த்திக்கொண்டாள்.

ஒன்பது வருடமாக அந்தப் பட்டியலை எழுதுகிறவள். செருப்புத் தேயாமல் ஒரு வரி எழுதியதில்லை, ஒரு திருத்தம்கூடப் போட்டதில்லை. அலுவலகத்தில் யாராவது தும்மினால்கூட நடுவில் இதைச் செருகிச் சொல்லிக் காட்டிவிடுவாள். இந்த முறை காய்ச்சல். ஒன்பது இடங்களைச் சுற்றிவிட்டு, ஏழாவதான ஏரிக்கு மட்டும் போன வருடக் குறிப்பை எடுத்து ஒட்டிவிட்டாள். ஏரி எங்கே ஓடிவிடப் போகிறது என்ற தைரியம்!

ஏரி ஓடவில்லைதான். பன்னிரண்டு படகுகளும் பழுது பார்க்கக் கரையேறி, பழைய வர்ணம் சுரண்டப்பட்டு, கொட்டகைக்குள் கிடந்தன. கூட்டம் எப்படியிருக்கிறது என்று பெருமையாய்ப் பார்க்க வந்த இடத்தில் இந்த வரவேற்பு.

“நீங்களும் படகுக்குத்தான் வந்தீங்களா?”

நிமிர்ந்தாள். படகுக்காரன். இமையில் ஒரு மழைத்துளியை வைத்துக்கொண்டு ஒரு மனிதனால் இவ்வளவு கோபப்பட முடியுமா... அந்தத் துளி விழுமா விழாதா என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். முதல் பார்வையிலேயே விலை படிந்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான் என்று சட்டென முகத்தைத் திருப்பினாள்.

“ஆமா... படிச்சுட்டுத்தான்...”

“கேட்டுலயே படகு இல்லன்னு பலகை வச்சு ஒரு மாசம் ஆச்சுங்க. ஒரு நடை வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அஞ்சு வருஷமா என் படகுல ஏறின ஒருத்தர் கால் நனைஞ்சதில்ல. இன்னிக்குப் பாருங்க, ஊரே நனையுது!”

அதே கர்வம். கண்ணாடி பார்ப்பது போலிருந்தது அவளுக்கு.

“கத்தினா தூறல் நிக்குமா? கொட்டகையத் திறந்து விடுங்க.”

“எதுக்கு? என் படகை யாரும் தொடக் கூடாது.”

“தொட வேணாங்க. பாக்கட்டும். சரக்கு இல்லன்னா பட்டறையக் காட்டணும். இது கூடத் தெரியாதா உங்களுக்கு?”

முறைத்தான். ஆனால் திறந்தான்.

பத்துப் பத்துப் பேராக அவள் உள்ளே அனுப்ப, அவன் காட்டினான். படகைத் தண்ணீரில் விட்டு ஓட்டை தேடுவதில்லையாம். முட்டுக்கட்டைமேல் தூக்கி வைத்து, படகுக்குள்ளேயே தண்ணீரை ஊற்றுவானாம். வெளியே எங்கே சொட்டுகிறதோ, அங்கே அடைக்க வேண்டும். குழந்தைகள் அடியில் உட்கார்ந்து “இங்க சொட்டுது! இங்க!” என்று கூவ, படகுக்காரன் முதல் தடவையாகச் சிரித்தான். ஐயோ, கோபமே தேவலை என்றிருந்தது அவளுக்கு...

கூட்டம் கலைந்ததும் அருகில் வந்தான். “நீங்க இல்லன்னா இன்னிக்கு என் மானம் கப்பலேறியிருக்கும். ஆமா, என்ன வேலை பாக்கறீங்க?”

“எழுத்து வேலை...”

“எங்க?”

‘நான்தான்’ என்ற ஒரே சொல். தொண்டைவரை வந்தது. ஒன்பது வருடப் பெருமை அதைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளியது.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க...” ஓடியே போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் நீட்டிய திருத்தத்தைப் படித்துவிட்டு நாளிதழ் ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, ஒருத்தரும் புகார் பண்ணல. உன் பேரை நீயே கெடுத்துக்கறதுக்கா இத்தனை வருஷம் அலட்டின?”

“போடுங்க சார். ஓட்டைன்னு தெரிஞ்சே ஆளை எப்படி ஏத்தறது?”

திங்கட்கிழமை காலை, திருத்தம் வந்த நாளிதழோடு ஏரிக்கரையில் நின்றாள். வாங்கிப் படித்தான். ‘ஏழாவது இடத்துக்கு நான் போகவில்லை. போகாமலே எழுதினேன். நனைந்தவர்களும், திட்டு வாங்கிய படகுக்காரரும் மன்னிக்கவும்.’

“அப்போ அந்த மகாராணி...”

“நான்தான்.” தலையைக் குனியாமல் சொன்னாள்.

அவன் நாளிதழை மடித்துக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டான்.

முடிந்தது. உண்மைக்கு இதுதான் மரியாதை போலிருக்கிறது... முதுகை நிமிர்த்திக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். கண் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

பின்னால் மரம் உராயும் சத்தம். திரும்பினாள். சிவப்பு வர்ணம் பளபளக்க ஒரே ஒரு படகைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

“நேத்து வெயில்ல உக்காந்து முடிச்சது. தண்ணி ஊத்திப் பாத்தேன்... ஒரு சொட்டு இல்ல.”

“ஒண்ணை மட்டும் எதுக்கு அவசரமா?”

“பஸ்ஸுக்கு ஓடினவங்க திரும்பி வந்தா, ஏத்தறதுக்கு ஒண்ணாவது வேணாமா?” படகை நீரில் இறக்கிவிட்டுக் கையை நீட்டினான். “நானும் ஒரு திருத்தம் போடணும். மகாராணி கையில கிடைக்கட்டும்னு கத்தினேனே... கிடைச்சா என்ன செய்வேன்னு சொல்லல.”

“இப்பச் சொல்லுங்க.”

“விடறதா இல்ல.”

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். வர்ணம் போகாத சிவப்பு நகங்கள்...

“பேரம் உண்டா?”

“ஒரே விலைங்க.”

கையைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். கால் நனையவில்லை. கண்தான்...

“எனக்கும் அதே விலைதான்,” என்றாள்.