வாண்டுவின் மீட்பு பென்டிரைவ்

வாண்டு வீட்டுக் கணினியின் வயது யாருக்கும் தெரியாது. அதன் விசிறி சுழலத் தொடங்கினால், தெருமுனை நாய் லாரி வருகிறதென்று எழுந்து ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் நாயைக் கேட்டுக்கொள்ளலாம்.

அன்றும் விசிறி சுழன்றது. நாய் எழுந்தது. திரைதான் கறுப்பாகவே இருந்தது.

கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தம்பி பொம்மைக் காருக்குச் சார்ஜ் போட கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

அப்பா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கண் தெரியாத பிள்ளைகளுக்காக அவர் வாசித்துப் பதிவு செய்த பாடமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. நாளை அவர்களுக்குப் பரீட்சை.

"என்கிட்ட மீட்பு பென்டிரைவ் இருக்குப்பா," என்றாள் வாண்டு. கணினி படுத்துவிட்டால் வெளியிலிருந்தே எழுப்பும் பென்டிரைவ் அது. போன மாதமே தயாரித்து வைத்திருந்தாள்.

செருகினாள். கறுப்பு. மறுபடி செருகினாள். அதே கறுப்பு.

"அக்கா, உன் பென்டிரைவை மீட்க இன்னொரு பென்டிரைவ் வேணும் போல."

"பிளக்கைப் பிடுங்கின ஆளு பேசக் கூடாது."

அப்பாவின் போனில் செய்முறையைத் தேடித் திறந்தாள். 'கோப்பை நகலெடுத்தால் போதாது. அதற்கான செயலியால் எழுத வேண்டும்' என்று இரண்டாம் வரியிலேயே இருந்தது. போன மாதம் வாண்டு முதல் வரியோடு எழுந்துவிட்டாள். பாட்டை ஏற்றுவதுபோல ஏற்றி வைத்திருந்தாள்.

கீழ்வீட்டு மாமாவின் போட்டோ ஸ்டூடியோவுக்கு ஓடினாள்.

"மாமா, உங்க கம்ப்யூட்டர் கொஞ்சம் வேணும்."

"உக்காரு. ஆனா அதுல இருக்கிற பென்டிரைவைத் தொட்டுடாதே. பள்ளிக்கூட போட்டோ இறங்கிட்டிருக்கு. வேற காப்பி கிடையாது."

தன் பென்டிரைவில் இருந்த கோப்பை மாமாவின் கணினிக்கு மாற்றிவிட்டு, எழுதும் செயலியைத் திறந்தாள். 'எதில் எழுத? அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும்' என்றது அது. கீழே இரண்டு பென்டிரைவ்கள். ஒரே கம்பெனி, ஒரே அளவு. இரட்டைப் பிள்ளைகள் தோற்றார்கள்.

வாண்டு அம்புக்குறியை இதற்கும் அதற்குமாக நகர்த்தினாள்.

"எதும்மா உன்னோடது?" மாமா நாற்காலியோடு நகர்ந்து வந்தார்.

"இருங்க மாமா."

தன் பென்டிரைவைப் பிடுங்கினாள். திரையில் ஒரு வரி மறைந்தது. செருகினாள். அதே வரி வந்தது. இன்னொரு தடவையும் செய்து பார்த்தாள். பிறகுதான் அந்த வரியை அழுத்தினாள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, போட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சமர்த்தாக இறங்கிக்கொண்டிருந்தன.

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தாள். செருகி, கணினியை முடுக்கினாள்.

கறுப்பு. இன்னும் கறுப்பு. தம்பி ஏதோ சொல்ல வந்தான். அப்பா அவன் வாயைப் பொத்தினார்.

திரை வெளுத்தது. அப்பாவின் பாடங்கள் அத்தனையும் வரிசையாக நின்றன.

அங்கிருந்தே எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. அந்தப் பள்ளி மாணவி ஒருத்தி பேசினாள்.

"சார், ஏழாம் பாடத்துல நடுவுல ஒரு பெரிய தும்மல் வருது. அதையும் படிக்கணுமா?"