வளையைக் கழற்றாதவள்

விடிந்ததும் பல் துலக்குவதைப் போலத்தான் அதுவும். புதுக்கடலூரின் கர்ப்பிணிகள் எல்லோரும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒருவாசல் நிலையத்துக்குப் போவார்கள். சுவரில் இருக்கும் குழிக்குள் இடக்கையை நுழைத்து, மருந்துவளையை நிரப்பிக்கொண்டு வருவார்கள். பார்ப்பதற்குப் பச்சைக் கண்ணாடி வளையல் மாதிரியே இருக்கும். நாள் முழுக்கத் தோல் வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்தை இறக்கும்.

“குழந்தை நல்லா இருக்கு, வேணி. வளை நிரம்பிடுச்சு” என்றது வாசல். மதுரவேணிக்குப் பின்னால் நின்ற பொன்மணியிடமும் பெயரை மட்டும் மாற்றி அதையே சொன்னது. வாசலுக்கு எல்லோரிடமும் ஒரே குரல்.

அந்தக் காலத்தில் பிரசவத்துக்கு ஒரு கட்டடமும் எச்.ஐ.வி. மருந்துக்கு இன்னொரு கட்டடமும் இருந்தனவாம். இரண்டாவதற்குள் நுழைந்தவள் வெளியே வருவதற்குள் ஊர் பேசி முடித்திருக்கும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே வாசலுக்குள் கொண்டுவந்தார்கள். ஒருத்தியின் வளையில் சத்து மருந்து மட்டும் இருக்கும். இன்னொருத்தியின் வளையில் கிருமியை அடக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். எது யாருக்கு என்று வெளியே தெரியாது. சட்டம் போட்ட புத்திசாலிகள் எல்லாவற்றையும் யோசித்தார்கள், நாத்தனாரை மட்டும் மறந்துவிட்டார்கள்.

சத்து வளையைக் கழற்றினால் பாதகமில்லை, மறுநாள் வேறு தருவார்கள். கிருமி மருந்துள்ள வளையைக் கழற்றினால் வாசல் அந்த நொடியே அறிந்துவிடும். சிகிச்சையை மறுத்தவள் என்று முடிவு கட்டி, பிறந்ததும் பிள்ளையைக் காப்பகம் எடுத்துக்கொள்ளும். அடுத்தவர் நோயை வெளியே சொன்னவளுக்கும் அதே தண்டனைதான். கழற்றத் தயங்குகிறவள் யார் என்பதைத் தெருப் பெண்கள் மோப்பம் பிடிக்க வெகுநாள் ஆகவில்லை. வளைகாப்பை அதற்கென்றே வைத்துக்கொண்டார்கள்.

வேணிக்கு அந்த வளைதான். முதல் மாதம் கணவன் தணிகைவேலும் அவளும் சேர்ந்துதான் சோதனைக்குப் போனார்கள். தனக்கு நோய் இருப்பது அவனுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும் என்பது அன்றுதான் வெளிவந்தது. காலில் விழுந்து அழுதான். வயிற்றில் இருப்பதற்காக அவள் மன்னித்தாள். “வளைகாப்பன்னிக்கு அக்காவ நான் பாத்துக்கறேன்” என்று சத்தியம் செய்தான்.

வளைகாப்பு நன்றாகத்தான் நடந்தது. கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல், பாட்டு. கடைசியில் அவன் அக்கா அங்கயற்கண்ணி வந்து உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் பிள்ளை இல்லாதவள். கர்ப்பிணியின் கையிலிருந்து ஒரு வளையை வாங்கிப் போட்டுக்கொண்டால் தனக்கும் தங்கும் என்பது வழக்கம்.

“மத்த வளையெல்லாம் எனக்கு எதுக்கு? அந்தப் பச்சையக் கழட்டி எங் கையில போட்டு விடு வேணி.”

“அது நிலையத்து வளை அண்ணி. வேற எது வேணும்னாலும் எடுத்துக்குங்க.”

“பொன்மணி கழட்டிக் குடுக்கல? காலையில போயி வேற வாங்கிக்கல? உனக்கு மட்டும் என்னவாம்?”

பாட்டு நின்றது. வேணி கணவனைப் பார்த்தாள். செய்த சத்தியம் அவனுக்கு நினைவிருக்கும் என்று நம்பினாள்.

“குடுத்துடேன் வேணி” என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. “அக்கா ஆசையாக் கேக்குது.”

கொடுத்தால் பிள்ளை போய்விடும் என்று தெரிந்தே சொன்னான். அவள் இடக்கையை இறுக மூடி வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

“மாட்டேன்.”

அங்கயற்கண்ணி நீட்டிய கையை இழுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

“உனக்கா வேணி?” என்றான் தணிகைவேல். குரல் தழுதழுத்தது. “எங்கிட்டயே மறைச்சிட்டியே!”

அவன் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. உண்மை வேணியின் வாய் வரை வந்தது. சொல்லிவிட்டால் காப்பகம். பல்லைக் கடித்து விழுங்கினாள்.

“எந் தம்பி வாழ்க்கையவே நாசமாக்கிட்டாளே பாவி!” என்று அங்கயற்கண்ணி அவனை அணைத்து வெளியே கூட்டிப்போனாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதி இலையில் எழுந்து வாய் கொப்பளித்தார்கள்.

மறுநாள் காலையும் வேணி வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னும் பின்னும் இடம் தாராளமாக இருந்தது. குழிக்குள் கையை நுழைத்தாள்.

“குழந்தை நல்லா இருக்கு, வேணி. வளை நிரம்பிடுச்சு.”

அவள் நகர்ந்த பிறகும் பொன்மணி அந்தக் குழியருகே வரவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றே கேட்டாள்.

“இதுல எப்படிக் கை வைக்கறது? எங்களுக்கு வேற குழி இல்லையா?”

வாசல் யாருக்கும் எதையும் மறுத்ததில்லை. சுவரின் மறுகோடியில் புதிதாக ஒன்று திறந்தது.

“இருக்கே, பொன்மணி” என்றது, அதே குரலில்.