ஏமாத்து முட்டையும் பாதி ஆட்டமும்

மாமா கண்ணாடிக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! நீங்கள் இப்போது பார்ப்பது ஒரு காவல் அரண்! போர்க்காலத்தில் இங்கேதான் ஒரு வீரன் துப்பாக்கியோடு கண்விழித்துக் காவல் இருந்தான்!”

தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

“டேய் தம்பி, அந்தக் கண்ணாடிக்கு எதுக்குடா வரலாறு? தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிற.”

டேப்பு விழுந்து விழுந்து சிரித்தாள்.

டேப்பு என்பது அவள் பள்ளிக்கூடத்துப் பெயர் இல்லை, மாமா வைத்த பட்டப்பெயர். மாமா பஸ் ஓட்டுகிறவர். லீவு நாள் வந்தால் மற்ற டிரைவர்கள் கால் நீட்டித் தூங்குவார்கள். மாமா மட்டும் போர்க்காலத் தடங்களைத் தேடிக் கிளம்பிவிடுவார். ரொம்ப காலத்துக்கு முன்னால் பெரிய போர் நடந்தபோது அந்த ஊர்மேலும் விமானங்கள் குண்டு போட்டன. அந்த நாளின் அடையாளங்கள் இன்னும் அங்கங்கே இருந்தன. பள்ளிக்கூட மொட்டைமாடியில் அபாயச் சங்கு மாட்டிய கம்பம் இருந்தது. மருந்துக்கடைச் சுவரில், ‘பதுங்க இந்தப் பக்கம் ஓடு’ என்று காட்டும் அம்புக்குறி பாதி அழிந்துபோய் இருந்தது. மாமா அதையெல்லாம் போட்டோ எடுப்பார், அளப்பார், படம் வரைவார். அளக்கும் டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது எப்போதும் அவருடைய அக்கா மகள்தான். அப்படி வந்த பெயர்தான் டேப்பு.

மாமா ஒரு குழுவிலும் சேர்ந்திருந்தார். எல்லாரும் இதே பைத்தியம் பிடித்தவர்கள். அதன் தலைவி ஒரு பல் டாக்டர். யார் எதைச் சொன்னாலும், “ஆதாரம்?” என்று கேட்பார். சந்து பொந்துகளைப் பார்க்க, வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியைக் கையோடு கொண்டு வருவார். அந்தக் குழுவில் மாமா இதுவரை எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் சுமந்துகொண்டு பின்னால் நடந்தவர். ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்தான் பேசப் போகிறார். ஏனென்றால் கண்டுபிடித்தது அவர்.

சைக்கிள் கடைக்குப் பின்னால், கொடி மூடிக் கிடந்த சின்னச் செங்கல் கட்டடம் அது. மாமாவின் மார்பளவு உயரம். சுவரில் நீளமான ஓட்டைகள். குட்டியாக ஒரு வாசல். மாமா உள்ளே போகப் பார்த்தார். தலை போனது, தோள் போகவில்லை. கையை மட்டும் நீட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார். சுவரின் உள்ளே வரிசையாக மாடங்கள் தெரிந்தன.

“தோட்டா அடுக்கி வைக்கிற மாடம்! ஓட்டை வழியா சுடுவாங்க. சந்தேகமே இல்ல டேப்பு!” என்று குதித்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே வீர முழக்கம்தான். அம்மா கேலி செய்துகொண்டே அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டி வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் மாமா பஸ் ஓட்டப் போய்விட்டார். உள்ளே கூட்டிப் பெருக்கும் வேலை டேப்புவுக்கு. டார்ச்சும் துடைப்பமுமாகத் தவழ்ந்து உள்ளே போனாள். ஒட்டடை மூக்கில் ஏறியது. ஒரு தும்மல் போட்டுவிட்டு மாடத்தில் வெளிச்சம் அடித்தாள்.

உள்ளே வெள்ளையாக, உருண்டையாக ஏதோ இருந்தது.

மாமா தலைபாடாக அடித்துச் சொல்லியிருக்கிறார்: “இந்த மாதிரி இடத்துல உருண்டையா எதைப் பார்த்தாலும் தொடாதே. வெளியே வா. பெரியவங்களைக் கூப்பிடு.” டேப்பு துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு வெளியே பாய்ந்தாள்.

“அண்ணே! உள்ளே குண்டு!”

சைக்கிள் கடைக்காரர் கையில் இருந்த பம்ப் நழுவி அவர் கால்மேலேயே விழுந்தது. “குண்டா! ஐயையோ, படு, படு!” என்று அவளையும் இழுத்துக்கொண்டு தூரமாக ஓடித் தரையில் விழுந்தார். போலீஸைக் கூப்பிட போனைத் தேடினார். சட்டைப் பையில் ட்யூப் ஒட்டும் பசைதான் கிடைத்தது.

அந்த நேரம் பார்த்து முட்டைக்காரம்மா கூடையோடு குறுக்கு வழியில் வந்தார். “என்ன, ரெண்டு பேரும் தரையில நீச்சல் பழகுறீங்களா?”

“கிட்ட போகாதீங்க! உள்ளே குண்டு இருக்கு!”

“என்ன குண்டு?” என்று கேட்டபடியே அவர் குனிந்து எட்டிப் பார்த்தார். சைக்கிள் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். முட்டைக்காரம்மா கையை விட்டு அதை எடுத்தே விட்டார். அப்புறம் கூடை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“அட மக்கு மன்னா! இது பீங்கான் முட்டை. எங்க வீட்டுலயும் வச்சிருக்கேன். கோழி இதைப் பார்த்து, ‘ஓகோ, முட்டை போடுற இடம் இதுதான்’னு நெனச்சுக்கும். ஏமாத்து முட்டை!”

“கோழியா? ஆனா அந்த மாடமெல்லாம்…”

“அடைக்கு உக்கார்ற இடம். ஓட்டை காத்து வர்றதுக்கு. இது கோழிக்கூடு கண்ணு. நல்லா, வசதியா கட்டின கோழிக்கூடு.”

சைக்கிள் கடைக்காரர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். வாய் காதுவரை போய்விட்டது. “கோழியைக் காவல் வச்சுப் போர் நடத்தியிருக்காங்க! உங்க மாமா வரட்டும்!”

“வேணாம்ணே!” என்றாள் டேப்பு. “நீங்க சொல்லாதீங்க. மாமாகிட்ட நானே சொல்றேன். ப்ளீஸ்!”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பாவம், அடக்க முடியாமல் கடைக்குள்ளே போய் ஒரு டயருக்குள் தலையை விட்டுச் சிரித்தார்.

அன்று மத்தியானம் டேப்புவுக்குச் சோறு இறங்கவில்லை. மாமா எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்! சொன்னால் அந்த முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் நாளைக்குப் பல் டாக்டர் எல்லார் முன்னாலும் கண்டுபிடித்துவிடுவார். அது இன்னும் கொடுமை.

சாயங்காலம் மாமா வந்ததும் வீட்டில் எதுவும் பேசாமல் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனாள். தான் மட்டும் உள்ளே தவழ்ந்தாள்.

“மாமா, நீங்க எதிரி. அப்படியே நடந்து வாங்க. நான்தான் வீரன்.”

மாமா மீசையை முறுக்கிக்கொண்டு நடந்து வந்தார். “சுடு பார்க்கலாம்!”

“எதைச் சுடறது? உங்க செருப்பு மட்டும்தான் தெரியுது மாமா.”

மாமா நின்றார். ஓட்டை இருக்கும் உயரத்தைப் பார்த்தார். அவருடைய முழங்காலுக்கும் கீழே இருந்தது. அப்போது ஓட்டை வழியாக ஒரு குட்டிக் கை வெளியே வந்தது. கையில் பீங்கான் முட்டை. டேப்பு எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னாள்.

மாமாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நாலு பேர் முன்னாடி பேசப் போறோம்கிற சந்தோஷத்துல ஓட்டை உயரத்தைக்கூட அளக்கல பாரு. எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம். தலைவலின்னு.”

“தலைவலின்னா டாக்டர் அக்கா, ‘ஆதாரம்?’னு கேப்பாங்களே!”

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்போடு மழையும் வந்தது. சடசடவென்று பிடித்துக்கொண்டது. மாமா அவசரமாகக் குனிந்து, போகிறவரைக்கும் போகட்டும் என்று தலையை மட்டும் வாசலுக்குள் நுழைத்துக்கொண்டார். முதுகெல்லாம் நனைந்தது.

உள்ளே டேப்பு மல்லாந்து படுத்தாள். தலைக்கு மேலே கூரை வளைந்த இரும்புத் தகடு. மழை அதில் தவில் வாசித்தது.

“மாமா, ஒரு கோழிக்கு எதுக்கு இவ்வளவு கனமான கூரை?”

“கிடைச்சதைப் போட்டிருப்பாங்க.”

“எங்கேயிருந்து கிடைச்சுது?”

டேப்பு டார்ச்சை மேலே அடித்தாள். புகைக் கறைக்கு நடுவில் கீறல்கள் தெரிந்தன.

“இங்கே யாரோ பிராண்டியிருக்காங்க மாமா.”

“கோழியா இருக்கும்.”

“கோழி கூரையிலயா நடக்கும்?” டேப்பு துணியால் மெல்லத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவள் குரல் உயர்ந்தது. “மாமா, கட்டம்! வட்டமும் பெருக்கலும் போட்டு விளையாடுவோமே, அந்த ஆட்டம்! ஆணியால கீறியிருக்காங்க. ஒண்ணு, ரெண்டு… நிறைய ஆட்டம்! கடைசி ஆட்டம் மட்டும் முடியல. பாதியில நிக்குது!”

மாமா துள்ளியதில் தலை ‘ணங்’ என்று நிலையில் இடித்தது.

“டேப்பு! வளைஞ்ச இரும்பு! அந்தக் காலத்துல குடும்பங்கள் வீட்டுக்குப் பின்னால குழி வெட்டி, மேல இப்படித்தான் தகடு போட்டு மண்ணால மூடி உள்ளே பதுங்குவாங்க. போர் முடிஞ்சதும் தகட்டைக் கழட்டி யாரோ கோழிக்கூட்டுக்குப் போட்டிருக்காங்க. இந்தக் கூரைக்குக் கீழே பிள்ளைங்க உக்காந்து விளையாடியிருக்காங்கம்மா. மேல விமானம் போயிட்டிருக்கு, இவங்க வட்டமும் பெருக்கலும் போட்டிருக்காங்க!”

டேப்புவுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

“அப்போ குழி எங்கே மாமா?”

அந்தக் கேள்விக்குச் சைக்கிள் கடைக்காரர் பதில் சொன்னார். தனக்குத் தெரியாமலேயே சொன்னார். “போச்சுடா, மறுபடி தேங்கிடுச்சு! எத்தனை வண்டி மண்ணு கொட்டினாலும் இந்தப் பாழாப்போன குட்டை உள்வாங்கிக்கிட்டே இருக்கு!” என்று கடைக்குப் பின்பக்கம் நின்று மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இருவரும் வெளியே வந்து பார்த்தார்கள். சாதாரணக் குட்டை கோணல்மாணலாக இருக்கும். இது நாலு மூலையும் வெட்டி வைத்த மாதிரி நீளச் சதுரமாக இருந்தது.

“டேப்பைப் பிடி!” என்று மாமா கத்தினார். கொட்டுகிற மழையில் அளந்தார்கள். கூரையின் நீளமும் குட்டையின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. அகலமும் அப்படியே. மாமா கடைக்காரரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். எதற்கு என்று தெரியாமலே அவரும் சுற்றினார்.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. குழு வந்துவிட்டது. அம்மாவும் முட்டைக்காரம்மாவும் முன்வரிசையில் நின்றார்கள். வெள்ளைச் சட்டையில் மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய் டேப்புவைப் பார்த்தார். அவள் டேப்பைத் தூக்கிக் காட்டினாள்.

“இது காவல் அரண்னு உங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தேன்,” என்று மாமா ஆரம்பித்தார். “தப்பு. இது கோழிக்கூடு.”

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆதாரம்?” என்றார் பல் டாக்டர்.

மாமா பையிலிருந்து பீங்கான் முட்டையை எடுத்து அவர் கையில் வைத்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமாவும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார் பாருங்கள், யாரும் கொட்டாவிகூட விடவில்லை. கூரையைக் காட்டினார், குட்டையைக் காட்டினார், கீறலைப் பற்றிச் சொன்னார். “கண்டுபிடிச்சது நான் இல்ல, இவதான்,” என்று டேப்புவை முன்னால் தள்ளினார்.

பல் டாக்டர் ஒல்லிதான். உள்ளே தவழ்ந்து போய் வெகுநேரம் வரவே இல்லை. வரும்போது தலையெல்லாம் ஒட்டடை, கண்ணில் ஈரம்.

“நீங்க பார்த்தீங்களா?” என்று மாமாவைக் கேட்டார்.

“எங்கே டாக்டர்? தோள் போக மாட்டேங்குது.”

அவர் தன் குட்டிக் கண்ணாடியை டேப்புவிடம் கொடுத்தார். டேப்பு உள்ளே போய்க் கண்ணாடியையும் டார்ச்சையும் சாய்த்துப் பிடித்தாள். மாமா கொஞ்சம்கூட யோசிக்காமல் ஈரச் சேற்றில் குப்புறப் படுத்து ஓட்டையில் கண்ணை வைத்தார்.

“அடப்பாவி, வெள்ளைச் சட்டைடா!” என்று அம்மா அலறினாள்.

“அக்கா! தெரியுதுக்கா! வரிசையில ரெண்டு வட்டம் இருக்கு. இன்னும் ஒண்ணு போட்டா வட்டம் ஜெயிச்சிடும்! முடிக்கிறதுக்குள்ள விட்டுட்டு ஓடியிருக்காங்க!”

“ஆபத்து நீங்கிடுச்சுன்னு சங்கு ஊதியிருக்கும்,” என்றார் பல் டாக்டர். இந்தத் தடவை அவரிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

சைக்கிள் கடைக்காரர் குட்டையைச் சுற்றிப் பழைய டயர்களை வேலியாக அடுக்கிவிட்டார். “பார்த்து, பார்த்து! மிதிச்சிடாதீங்க! இது சரித்திரக் குட்டை!” என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

டேப்பு வெளியே வந்து, கடை வாசல் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டாள். கூரையில் இருந்தபடியே வட்டங்களையும் பெருக்கல்களையும் நிரப்பினாள். சேறும் சிரிப்புமாக மாமா எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அடுத்து யாரு ஆட்டம்?”

“வட்டத்தோட ஆட்டம் மாமா,” என்று டேப்பு காலிக் கட்டத்தில் அழகாக ஒரு வட்டம் போட்டாள்.

இத்தனை வருஷம் பொறுமையாகக் காத்திருந்த வட்டம் அன்றைக்கு ஜெயித்தேவிட்டது.