எழுத்தாக வந்த முகம்

மூழ்கிப்போன கப்பலின் முகவரியிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது.

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கப்பல் முகவர் அலுவலகத்தில் மற்றவர்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். குளிர்சாதனத்தின் இரைச்சலும், சன்னலில் வழியும் மழையும், யாரோ பாதி தின்றுவைத்த நாசி லெமாக்கின் சம்பல் வாடையுமாக நீண்டு கிடந்த அறையில் லோகேஸ்வரியும் பக்கிரிசாமியும் மட்டும் இருந்தார்கள். அஞ்சலில் சேதி எதுவும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் எண்களும் இடைவெளியே இல்லாமல் திரையை அடைத்து நின்றன.

அவளுக்கு அது புதிதல்ல. அந்தக் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பு எழுத்துகளை மட்டுமே விடும். படமோ குரலோ அப்படியே வர முடியாது; எழுத்துகளாக உருமாறி, துண்டு துண்டாக வரும். அவற்றை வரிசையாக ஒட்டி மறுபடி படமாக்குவது அவள் வேலை. கடைசித் துண்டின் அடியில் முடிவு வரி இருக்கும்.

“அந்த அக்கவுண்ட்ட நானே குளோஸ் பண்ணிட்டேன்லா அக்கா,” என்றான் பக்கிரிசாமி, குடையைத் தேடியபடி. “வைரஸா இருக்கும். டிலீட் பண்ணிட்டு வாங்க, மக்கான் போலாம். பசிக்குது.”

“நீ போ.”

கமலநாதன், அவள் கணவன், அந்தக் கப்பலில் எஞ்சின் பார்த்தவன். உடல் கிடைக்கவில்லை. நாளை கருமாதி. மாலைக்குச் சொல்லியாகிவிட்டது, ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது. அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

முதல் துண்டை ஒட்டினாள். துருப்பிடித்த குழாய்; அதன் கீழே ஈரத் தலைமுடி. அடுத்ததில் நெற்றி, இடப்புருவத்தில் அவள் விரல் அறிந்த தழும்பு. அதற்கடுத்ததில் கண்கள். திறந்த கண்கள். ஓரத்தில் இன்றைய தேதி.

மாமியாரைக் கைபேசியில் அழைத்தாள். “அத்தை, எல்லாத்தையும் நிறுத்துங்க. அவரு உயிரோட இருக்காரு. போட்டோ வந்துக்கிட்டு இருக்கு.”

“ஐயோ முருகா! அவன்தானா? நல்லா பாருடி!”

“இருங்க. முழுசா வரட்டும்.”

அடுத்த துண்டில் மூக்கு வரவேண்டும். கண்கள் வந்தன.

ஒட்டியது தவறோ என்று வரிசையைச் சரிபார்த்தாள். தவறில்லை. அடுத்தது. அதிலும் கண்கள். அதே தழும்பு, அதே ஈர இமை. முதல் சோடி குழாயைப் பார்த்தது. அதன் கீழிருந்தது கொஞ்சம் அவள் பக்கம். அதற்கும் கீழிருந்தது இன்னும் அவள் பக்கம்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

படம் தானாகவே வளர்ந்துகொண்டே இருந்தது.

அறைக்குள் டீசல் வாடை. உப்பு. முடிவு வரி இல்லை.

“லோகா! சொல்லேண்டி. என் புள்ளதானே?”

திரை நெடுக, கீழே, கீழே, அத்தனை கண்களும் மெல்லத் திரும்பி அவள் முகத்தில் நின்றன. அவள் பதிலுக்குக் காத்திருந்தன.

“ஆமா அத்தை,” என்றாள். “அவருதான்.”

எல்லா இமைகளும் ஒருசேர மூடித் திறந்தன.