ஊமைத் துணி

"என் சட்டையைப் பிரிச்சா என்ன கேட்கும்?"

கல்யாணமான புதிதில் கணவன் ஒருநாள் அவளிடம் இப்படிக் கேட்டான். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் பிரித்துப் போட்ட நூலை விரலில் சுற்றிக்கொண்டே விளையாட்டாகத்தான் கேட்டான்.

"ஒண்ணும் கேட்காது. உயிரோட இருக்கறவங்க துணி ஊமை."

"அப்ப நான் செத்தாதான் என் பேச்சை நீ கேட்பே. சரி, காத்திருக்கேன்."

அளவெடுக்கும் டேப்பால் அவன் வாயில் ஒன்று போட்டாள்.

ஒருவர் போட்ட துணியை இன்னொருவருக்கு ஏற்றபடி மாற்றித் தைப்பதுதான் அவள் தொழில். அப்பாவின் கோட்டை மகனுக்கு, அக்காவின் கவுனைத் தங்கைக்கு. அப்படி வருகிறவற்றில் பாதி, போட்டவர் போய்ச் சேர்ந்த பிறகு வருபவை. பாதியாக உடைத்த பிளேடைத் தையலுக்குள் செருகி இழுக்கும்போது, நூல் அறுபடும் டிக் டிக் சத்தத்துக்கு அடியிலிருந்து அவர்கள் பேசுவார்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது. அடுப்பை அணைச்சியா. மாத்திரை போட்டியா. அந்தக் கதவுக்கு எண்ணெய் விடச் சொன்னேனே. அவள் ஏதாவது கேட்டால் பதில் வரும். திரும்பத் தைத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். பதினாறு வருடத்தில் அவளுக்கு இதில் பயம் விட்டுப்போயிருந்தது.

ஆனால் தன் வீட்டு ஆட்களின் துணியை மட்டும் அவள் பிரிக்கமாட்டாள். புதிதாக எத்தனை வேண்டுமானாலும் தைத்துக் கொடுப்பாள். பிரித்துத் தைக்க வேண்டியிருந்தால் எதிர்க்கடைத் தையல்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள்.

"ஊர்த்துணியெல்லாம் உன்கிட்ட வருது, உன் வீட்டுத் துணி என்கிட்ட வருது. நல்லா இருக்கும்மா உன் நியாயம்" என்பார் அவர்.

"என் கை வீட்டுக்கு ராசியில்லண்ணே."

இன்று அவர் கடை மூடியிருந்தது. குவாரியில் போன மூன்று பேரில் ஒருவன் அவருடைய மைத்துனன்.

பத்து நாளுக்கு முன்பு, கல்குவாரிப் பள்ளத்தின் அடியில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது பக்கச் சுவர் பிளந்து தண்ணீர் உள்ளே புகுந்தது. நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள். ஆழம் அதிகம் என்பதால் யாரையும் எடுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் கணவன் மட்டும் வீட்டு வாசலில் வந்து நின்றான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எப்படி வந்தாய் என்று கேட்டவர்களிடம் "ஏறி வந்தேன்" என்றான். அவள் எதுவும் கேட்கவில்லை. போனான் என்று நினைத்தவன் வந்து நிற்கும்போது கேள்வி கேட்க யாருக்கு வாய் வரும்?

அதன்பிறகு இந்த ஒரு வாரமாகச் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் அவள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன. எத்தனை முறை துவட்டினாலும் அவன் தலை காய்வதில்லை. படுக்கையில் கல்பொடியும் பாசியும் கலந்து, பல வருடம் மூடிக் கிடந்த தொட்டியைத் திறந்ததுபோல ஒரு வாசனை. பிறந்தபோது உள்ளங்கையளவு இருந்த மகளுக்குப் 'பொத்தான்' என்று பட்டப்பெயர் வைத்தவனே அவன்தான். ஏழு வருடமாக வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது 'பாப்பா' என்கிறான். உடம்பும் லேசாக ஊதிக்கொண்டு வந்தது. இன்று மத்தியானம், அவள் கையால் தைத்த நீலச்சட்டையைக் கொண்டுவந்து மெஷின்மேல் வைத்தான்.

"இறுக்குது. பக்கத்துல பிரிச்சு விடு."

வைத்துவிட்டு, மழை வரும்போல் இருக்கிறது, பாப்பாவை நானே கூட்டி வருகிறேன் என்று கிளம்பிப் போனான். அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டுத் துணியை அவள் பிரிக்கமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். எதிர்க்கடைக்குத் துணி கொண்டுபோவதே பாதி நாள் அவன்தான்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சரளைக்கல் கொட்டுவதுபோல் சத்தம். பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். நடந்தால் பத்து நிமிடம். கடிகாரத்தில் நாலே முக்கால். சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, விளக்கைத் தாழ இழுத்துவிட்டு, அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உயிரோடு இருப்பவன் துணி. ஊமைத் துணி. பிரித்துப் பார்த்துவிட்டால் மனசு அடங்கிவிடும்.

பிளேடைச் செருகினாள். டிக். ஒன்றுமில்லை. டிக். மழைச் சத்தம்தான். அவளுக்கு மூச்சு இலகுவாயிற்று. இன்னும் நாலு தையல் சேர்த்து இழுத்தாள்.

"காத்திருக்கேன்னு சொன்னேன்ல."

பிளேடு விரலில் இறங்கியது. வலிக்கவில்லை. நீலத்துணியில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்து பரவியது. அவன் குரல். சிரிப்பை அடக்கும்போது கடைசி வார்த்தையில் லேசாகக் கரகரக்கும் அதே குரல்.

"எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். அவளுக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக.

"கீழதான். நாலு பேரும் இருக்கோம். இடுப்பு வரைக்கும் கல்லு."

"நாலு பேரா?"

"எண்ணிப் பார்த்தேன்."

"அப்ப வீட்டுக்கு வந்தது யாரு?"

நூல்முனைகள் காற்றே இல்லாமல் அசைந்தன.

"நாங்க வெட்டறதுக்கு முன்னாடியே இங்க ஏதோ சிலது இருந்திருக்கு. சுவர் பிளந்ததும் தண்ணியோட அதுல ஒண்ணு வந்துச்சு. நெத்தியில இருந்து தாடை வரைக்கும் என் மூஞ்சியத் தடவிப் பார்த்துச்சு. பொறுமையா. நீ அளவெடுப்பியே, அந்த மாதிரி. அப்புறம் மேல ஏறிப் போயிடுச்சு."

அவள் வாசலைப் பார்த்தாள்.

"பொத்தான் எங்க?" என்றது சட்டை.

"ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர..." போயிருக்கார் என்று சொல்ல வந்தவள் நிறுத்தினாள். "போயிருக்கு."

"ஏன் விட்டே?" அவன் அவளிடம் இப்படி ஒரு குரலில் பேசியதே இல்லை. "ஏன்டி விட்டே?"

வாசலில் செருப்புச் சத்தம்.

அவள் சட்டையைச் சுருட்டி மெஷினுக்கு அடியில் தள்ளினாள். துணிக்குள்ளிருந்து முணுமுணுப்பு வந்துகொண்டே இருந்தது. மெஷின் மிதியை வெறுமனே மிதித்து அந்தச் சத்தத்தை மூடினாள்.

கதவு திறந்தது. கணவனின் முகத்தோடு அது நின்றது. பக்கத்தில் மகள், புத்தகப்பையோடு, தலைமுதல் கால்வரை நனைந்து.

"ஏன் இவ்வளவு நேரம்?" சாதாரணமாகக் கேட்க முயன்றாள்.

"பாப்பா பள்ளத்தைப் பார்க்கணும்னா. காட்டினேன்."

"சரி. தலையெல்லாம் ஈரம். உடுப்பை மாத்திவிடறேன். நீங்க உட்காருங்க."

மகளின் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே சந்து; சந்தைத் தாண்டினால் பெரிய தெரு; அங்கே ஆட்கள் இருப்பார்கள். குழந்தையை முதலில் இறக்கிவிட்டுத் தானும் குதித்துவிடலாம். வந்துவிட்டாள். அது போதும். கை, கால், விரல் எல்லாம் இருக்கிறது.

"வந்துட்டேடி என் தங்கம். சத்தம் போடாத. அம்மாவும் நீயும் ஜன்னல் வழியா போகப் போறோம். திருடன் போலீஸ் மாதிரி. சரியா?"

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈரக் கவுனைக் கழற்றினாள். உலர்ந்த சட்டையை மாட்டிவிட்டாள். தலையைத் துவட்டினாள். துண்டு நனைந்தது. இன்னொரு துண்டு எடுத்தாள். அதுவும் நனைந்தது. மூன்றாவது துண்டை எடுத்துத் துவட்டிவிட்டுப் பார்த்தாள். முடிநுனியில் ஒரு துளி திரண்டு, தொங்கி, தரையில் விழுந்தது.

அடுத்த துளி.

கல்பொடி வாசனை.

கவுன் அவள் மடியில் கிடந்தது. வளர்கிற பிள்ளை என்று கீழே மூன்று விரல் மடிப்பு விட்டுத் தைத்தது. அடுத்த வருடம் பிரித்து இறக்கிவிடலாம் என்று.

பிரிக்க வேண்டியதில்லை. பிரிக்காவிட்டால் தெரியாமலே இருந்துவிடலாம். இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். இதை வளர்க்கலாம்.

பிளேடு இன்னும் அவள் விரலிடுக்கில் இருந்தது.

டிக்.

மழை.

டிக்.

"அம்மா."

எதிரே நின்ற வாய் அசையவில்லை.

"அம்மா, அப்பா இங்கதான் இருக்காரு. என்னைப் பொத்தான்னு கூப்பிட்டாரு." கவுனின் மடிப்புக்குள்ளிருந்து, மூச்சு வாங்க, ரகசியம் சொல்வதுபோல. "ரொம்ப இருட்டு. ஆனா அப்பா என் கையப் பிடிச்சிருக்காரு. நீ எப்பம்மா வருவே?"

ஊசி அவள் முந்தானையில்தான் குத்தியிருந்தது. நூல் கோத்ததுதான். நாலு தையல் போட்டால் நின்றுவிடும். அவள் ஊசியைத் தொடவில்லை. கவுனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா? கேட்குதா?"

எதிரே நின்றது ஒரு அடி முன்னால் வந்தது. சின்னக் கை. மகளின் கை. கட்டைவிரலில் இங்க் கறை. அது அவள் நெற்றியில் பட்டது. அங்கிருந்து புருவம், மூக்கு, உதடு, தாடை. மெதுவாக. பொறுமையாக. அளவெடுப்பதுபோல.

பிறகு எக்கி நின்று தாழ்ப்பாளை எடுத்தது. வெளியே காத்திருந்ததன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், மழைக்குள் இறங்கிப் பள்ளத்தின் பக்கமாகப் போனது.