சாலையில் நின்ற குடங்கள்

இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். லூர்துராணி ஊர்ச்சாலைக்கு ஓடினாள். ஜீப் வரும் நேரமாகிவிட்டது.

வையம்பட்டிக்கு அருகேயுள்ள அந்தச் சிற்றூரில் கிணறு வற்றிப்போயிருந்தது. அதை ஆழப்படுத்த உத்தரவு போடவேண்டிய அதிகாரியோ, ஒவ்வொரு முறையும் ஜீப்பில் இருந்தபடியே, "பார்த்தாச்சு" என்று போய்விடுவார். இன்று அவர் வருகிறார் என்று லூர்துராணி சொன்னதும், சாலையை மறிப்பதென்று பெண்கள் முடிவு செய்திருந்தார்கள். ஆனால் பஞ்ச நிவாரண வேலை மேஸ்திரி காலையிலேயே வந்து, இன்று வராதவர்களுக்கு இனி வேலையே கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அப்போது கூடையோடு கிளம்பிய அக்னஸ் அத்தை தயங்கினாள். "நாங்க போயிட்டா ரோட்டை யாருடி மறிக்கிறது? நீயா?"

"நீங்க போங்க அத்தை. குடத்தை மட்டும் குடுங்க. கிணத்தடியில நீங்களா நிக்கிறீங்க? குடந்தானே நிக்குது."

உண்மைதான். அந்தப் பக்கத்தில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அடுத்தவர் குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். நகர்த்தியவரை ஊரே திட்டித் தீர்த்துவிடும்.

சாலையின் குறுக்கே மண்குடம், பித்தளைக் குடம், விளிம்பு உடைந்த பானை என்று முழத்துக்கு ஒன்றாக வரிசை நீண்டது. ஜீப் வந்தது. ஹாரன் அடித்தது. குடங்கள் காது கேட்காதவை போல நின்றன.

எடுத்து ஓரமாக வைக்கும்படி அதிகாரி சொன்னார். ஓட்டுநர் பாக்கியநாதன் இறங்கினார். வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"வரிசைக் குடத்தைத் தொடக்கூடாதுங்க ஐயா. பெரிய சண்டையாயிடும்."

"பின்னே எப்பத்தான் எடுப்பாங்க?"

"தண்ணி ரொம்பினதும் எடுத்துடுவோங்க" என்றாள் லூர்துராணி.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கி அவள் பின்னால் நடந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். அடியில் ஓர் ஓணான் நிம்மதியாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் சிரிப்பு நின்றது.

நாளை முதல் தண்ணீர் லாரி வரும் என்றார். அடுத்த வாரமே கிணற்றை ஆழப்படுத்துவார்கள், அந்தக் கூலி வேலையும் இந்த ஊர்ப் பெண்களுக்குத்தான் என்றார்.

லூர்துராணி தன் வீட்டுக் குடங்கள் இரண்டை மட்டும் எடுத்தாள். ஜீப் நுழைய அந்த இடைவெளி போதும்.

ஏறப்போன அதிகாரி திரும்பினார். "நான் இன்னிக்கு வர்றது யாருக்குமே தெரியாதே. உனக்கு யாரும்மா சொன்னது?"

லூர்துராணி வானத்தைப் பார்த்தாள். பாக்கியநாதன் சுத்தமாக இருந்த கண்ணாடியை மும்முரமாகத் துடைத்தார்.

நேற்றுச் சாப்பிடும்போது மகளிடம் அதைச் சொன்னதே அவர்தான்.