ஐந்தைத் தொடாத நோவு

2061ஆம் ஆண்டு மார்ச் 9, புதன்கிழமை, காலை 9 மணி 40 நிமிடம். வெளியே வெப்பம் 36 பாகை, காற்று இல்லை, வானத்தில் மேகம் ஏதும் இல்லை. வைப்பாற்றங்கரைத் தீக்காய மருத்துவமனையின் இரண்டாம் கூடத்தில், பதினொன்றாம் கட்டிலில் கிடந்த சீனித்தாயின் வலக்காலிலிருந்து கட்டுமாற்றி பழைய துணியை உரிக்கத் தொடங்கியது. அதன் இரண்டு உலோகக் கைகளும் அவசரப்படுவதில்லை. ஒரு விரற்கடைத் துணிக்கு ஒன்பது வினாடி என்பது அதற்கு விதிக்கப்பட்ட வேகம்.

சீனித்தாய்க்கு வயது நாற்பத்தொன்று. பட்டாசு மருந்து கலக்கும் கொட்டகையில் நேர்ந்த விபத்தில் இரண்டு கால்களும் முழங்கால்வரை வெந்திருந்தன. அவள் குரல் எழுப்பவில்லை. கட்டிலின் கம்பியைப் பற்றியிருந்த விரல்களின் நுனி மட்டும் வெளுத்திருந்தது. கழுத்துப் பட்டையிலிருந்த நோவுமானி 4.3 என்று காட்டியது.

தலைமாட்டில் மருந்துப் பேழை இருந்தது. நோவுமானி 5.0 காட்டினால் அது தானாகத் திறந்து, வலியடக்கும் மருந்தைக் குருதியில் செலுத்தும். 4.9 காட்டினால் திறக்காது. அதைக் கையால் திறக்கும் அதிகாரம் எந்த மருத்துவருக்கும் இப்போது இல்லை. நோவுமானி வந்த இரண்டாம் ஆண்டிலேயே வலி மருத்துவர் என்னும் பதவி நீக்கப்பட்டிருந்தது.

கட்டிலருகே நின்ற எஸ்தர் பொன்மலர் அந்த மருத்துவமனையில் முப்பத்து நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிபவர். செவிலியராகச் சேர்ந்தவர், ஏழாண்டுகளுக்கு முன் பதவியின் பெயர் மாறியபின் கருவிக் காப்பாளர். பட்டைகளைத் துடைப்பதும், மின்கலம் மாற்றுவதும், காட்டும் எண்ணைச் சரிபார்ப்பதும் அவருடைய பணிகள். நோயாளியிடம் வலியைப் பற்றிக் கேட்பது தடைசெய்யப்பட்டிருந்தது. கேட்டால் அளவு ஏறுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருந்தன. வெப்பமானியை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குவதற்கு ஒப்பானது அச்செயல் எனப் பயிற்சி நூல் விளக்கியது.

பொன்மலர் குனிந்தார். "ரொம்ப வலிக்குதா தாயி?"

நோவுமானி 4.7க்கு ஏறியது.

"பரவால்ல சிஸ்டர்."

4.5.

"பரவால்லன்னு சொல்லாத. எப்படி வலிக்குதுன்னு சொல்லு."

"சொல்லி என்னத்துக்கு? உங்களுக்கும் சேத்து வலிக்கவா?" சீனித்தாய் சிரிக்க முயன்றாள். "எம்மக போன் பண்ணுனா நல்லா இருக்கேன்னு சொல்லிருங்க. இங்க வந்து நின்னுக்கிட்டு வேலையக் கெடுத்துக்கிடுவா."

"கத்தவாவது செய்யேன்."

"கத்துனா இந்த மிஷினு நிறுத்திரவா போகுது?"

கட்டுமாற்றி இடக்காலுக்கு நகர்ந்தது. எண் 4.8 ஆயிற்று, பின்னர் 4.9. பொன்மலர் பேழையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது திறக்கவில்லை. துணி முழுதும் உரிந்தபின் எண் இறங்கத் தொடங்கியது. கூரையிலிருந்த செவிப்பொறி, ஒரே வாரத்தில் ஆறாம் முறையாகப் பணியாளர் ஒருவர் வலியைப் பற்றிக் கேட்டதைப் பதிந்து, நோவளவைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. புதிய கட்டுப் போட்டு முடிவதற்குள் அழைப்பாணை வந்துவிட்டது. அன்றாடம் ஒருமுறை வீதம் சீனித்தாய்க்கு இன்னும் இருபத்திரண்டு நாள் கட்டு மாற்ற வேண்டியிருந்தது.

மின்கல அறையில் ஹபீபா காத்திருந்தார். பொன்மலருக்குப் பதினொரு ஆண்டு இளையவர். அவரிடமே தொழில் பழகியவர். அக்கூடத்தில் எஞ்சியிருந்த இன்னொரு காப்பாளர் அவர்தாம்.

"மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துருங்கக்கா. வாய் தவறிருச்சுன்னு சொல்லுங்க. எச்சரிக்கையோட விட்ருவாங்க."

"வாய் தவறலியே."

"எனக்குத் தெரியாதா? ஆறு தடவை எந்த வாய்தான் தவறும். எழுதுறதுக்கு என்ன, எழுதலாம்ல."

"எழுதத்தான் போறேன். நாலு போட்டதை எழுதப் போறேன்."

ஹபீபா கையிலிருந்த மின்கலத்தைக் கீழே வைத்தார்.

2031 முதல் 2048 வரை அக்கூடத்தில் முப்பத்திரண்டு கட்டிலுக்கு ஒரு பணிவேளையில் ஒரே செவிலியர். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியிடமும் வலி எவ்வளவு என்று கேட்டு, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை ஏட்டில் எழுத வேண்டும் என்பது விதி. ஐந்தோ அதற்கு மேலோ எழுதினால் பணிமருத்துவரை அழைக்க வேண்டும். அவர் வரும்வரை அந்தக் கட்டிலை விட்டு அகலக் கூடாது. படிவத்தை மூன்று படிகளில் நிரப்ப வேண்டும். அந்நேரத்தில் மற்ற முப்பத்தொரு கட்டில்களுக்கு ஆள் இல்லை. ஆகவே செவிலியர்கள் கேட்கவில்லை. சற்றே தேறியவர்களுக்கு இரண்டும் மூன்றும், துடித்தவர்களுக்கு நான்கும் எழுதினர். பணி மாற வந்தவர் முதலில் விசாரித்ததே "நாலு போட்டாச்சா?" என்றுதான். அக்கம்பக்கத்தார் தூங்க முடியாதபடி கத்தியவர்களுக்கும், மருத்துவர் ஏற்கெனவே அருகில் நின்ற வேளையிலும் மட்டும் ஏழும் எட்டும் எழுதப்பட்டன.

நோவுமானியை உருவாக்கியவர்களுக்கு இரண்டு பொருள்கள் தேவைப்பட்டன: நோயாளியின் நாடித்துடிப்பு, வியர்வை, குரல், கண்மணி விரிவு ஆகியவற்றைக் கட்டிலருகே இருந்த கருவிகள் பதிந்த குறிப்புகள், அதே நேரத்தில் அவருக்கு இருந்த வலியின் எண். இருநூற்றுப் பன்னிரண்டு மருத்துவமனைகளின் ஏடுகளைப் புரட்டியபின் அவர்கள் இந்தக் கூடத்தைத் தேர்ந்தனர். இங்கு ஒரு கட்டமேனும் வெறுமையாக இல்லை. கேட்டு எழுதிய இடங்களிலெல்லாம் விடுபாடுகள் இருந்தன.

குரல் எழுப்பாத உடம்பின் வலி ஐந்தைத் தொடாது என்பதைக் கருவி அந்த ஏடுகளிலிருந்து கற்றுக்கொண்டது.

"உம்பேரு வராது. நான் போட்டதை மட்டுந்தான் எழுதுறேன்" என்றார் பொன்மலர்.

"நீங்கதான எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. அப்புறம் எம்பேரு எப்படி வராம இருக்கும்?"

பொன்மலர் வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எனக்கு இன்னும் பதிமூணு வருஷம் சர்வீஸ் கெடக்குக்கா" என்றார் ஹபீபா. மின்கலத்தை மீண்டும் எடுத்துத் துடைத்தார். "எழுதுங்க. நான் ஒன்னும் சொல்லல."

தீர்ப்பாயம் மார்ச் 14, திங்கட்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு மருத்துவமனையின் கூட்ட அறையிலேயே கூடியது. உறுப்பினர் இருவர், தலைவர் வேதநாயகி. பதவி ஒழிக்கப்படும்வரை அவர் வேறொரு மருத்துவமனையில் வலி மருத்துவராக இருந்தவர். பொன்மலரின் வாக்குமூலத்தை இருமுறை படித்து, சில வரிகளின் கீழ் கோடிட்டிருந்தார்.

"இதுல எழுதியிருக்கறது உண்மைன்னா பொய்ப் பதிவு ஆயிடும். லைசன்ஸ் போகும். மூணு வருஷம் சிறையும் உண்டு. தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"தெரியும்மா."

"எத்தனை பதிவு இப்படி?"

"ஒரு ஷிப்டுக்கு அறுபத்து நாலு. பதினெட்டு வருஷம். நீங்களே பெருக்கிக்கிடுங்க."

உறுப்பினருள் ஒருவர் புன்னகைத்தார். வேதநாயகி புன்னகைக்கவில்லை.

"என்ன எதிர்பாக்கறீங்க?"

"பேழை மூணுலயே திறக்கணும். எல்லா ஊர்லயும் இப்பவே முடியாதுன்னா பதினொன்னாம் கட்டிலுக்காவது திறக்கணும். அந்தப் பொம்பளை தினமும் உசுரோட உரிபடுறா."

"எங்க ஆஸ்பத்திரி ஏட்டுலயும் நாலு நிறைய இருக்கும்" என்றார் வேதநாயகி, தாளைப் பார்த்தபடி. "அதைப் பாத்துத்தான் பதினாலு வருஷம் மருந்து எழுதினேன். எழுதாமலும் விட்டேன்."

"அங்கயும் இப்படித்தாம்மா போட்டிருப்பாங்க."

வேதநாயகி தண்ணீர்க் குவளையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"இதை நம்பிக்கைய வச்சு முடிவு பண்ண முடியாது. சோதிக்கணும்."

சோதனையின் முறை எளியது. பதினெட்டு ஆண்டுகளின் உடற்குறிப்புகள் சேமிப்பில் அழியாமல் இருந்தன. அவற்றை நோவுமானிக்குள் செலுத்தி, கருவி தரும் எண்களைச் செவிலியர் எழுதிய எண்களோடு ஒப்பிட வேண்டும். எண்கள் பொய்யாயின் வேறுபாடு தெரிந்துவிடும் என்றார் தலைவர். அதற்கு நான்கு நாட்கள் ஆயின. விசாரணை முடியும்வரை பொன்மலர் கூடத்துக்குள் நுழையக் கூடாது என ஆணை. சீனித்தாயின் அன்றாட எண்ணை ஹபீபா நடைவழியில் வந்து சொன்னார்: 4.4, 4.1, 4.6, 4.4.

"உங்கள எங்கன்னு கேட்டா. லீவுன்னு சொல்லி வச்சேன். நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொன்னா."

மார்ச் 18, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தீர்ப்பாயம் மீண்டும் கூடியது. வேதநாயகியின் குரலில் முன்பிருந்த இறுக்கம் இல்லை. பாரம் ஒன்றை இறக்கி வைத்தவரைப் போல் தெளிவாகப் படித்தார்.

"பன்னிரண்டு இலட்சத்து அறுபத்திரண்டாயிரம் பதிவுகள் ஒப்பிடப்பட்டன. நோவுமானி தந்த எண்ணும் செவிலியர் எழுதிய எண்ணும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு இடங்களில் ஒத்துள்ளன."

பொன்மலர் எழுந்து நின்றார். "கருவி எங்க ஏட்ட வச்சுத்தானம்மா படிச்சுது. அதுகிட்டயே போய்க் கேட்டா அது வேற என்ன சொல்லும்?"

"வேற எதைக் கேக்க முடியும், சொல்லுங்க. வலியை அளக்க இன்னைக்கு அது ஒன்னுதான் இருக்கு."

"சீனித்தாயக் கேக்கலாம்."

"கேட்டுப் பெற்ற விடை சான்றாகாது. சட்டத்துலயே இருக்கு."

"அப்ப நான் கேக்காமப் போட்டது மட்டும் சான்றாகுமா?"

"கேட்டிருந்தாத்தான் கெட்டுப்போயிருக்கும்" என்றார் வேதநாயகி. அதில் ஏளனம் துளியும் இல்லை. "உங்களை நீங்களே ஏன் இப்படித் தண்டிச்சுக்கறீங்கன்னு தெரியல. யாரையும் கேக்காம, முப்பத்திரண்டு பேருக்கும் ஓடிக்கிட்டே, இத்தனை சரியாப் போட்டிருக்கீங்க. இதே மாதிரி ஏட்டை நம்பி நான் மருந்து எழுதினதும் சரிதான்னு ஆகுது."

தீர்ப்பின் பிரிவுகளை அவர் வரிசையாகப் படித்தார். பொய்ப் பதிவுக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஹபீபா உள்ளிட்ட எவர்மீதும் நடவடிக்கை இல்லை. பேழையின் வரம்பு ஐந்தாகவே தொடரும். பதினொன்றாம் கட்டில் நோயாளியின் வலி நடுத்தரமானது, மருந்து வேண்டாதது. ஆறுமுறை கேள்வி கேட்டு அளவைக் கெடுத்ததற்காக எஸ்தர் பொன்மலர் இரண்டாம் கூடத்துப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.

"இன்னும் பதிமூணு கட்டு இருக்கும்மா அவளுக்கு" என்றார் பொன்மலர்.

"பதிவுல இருக்கு. பாத்தேன்."

ஆறாம் பிரிவு எஞ்சியிருந்தது. பச்சிளங் குழந்தைகளுக்கான நோவுமானி உருவாகிவருகிறது. இப்போதுள்ள கருவி அவர்களுக்குப் பொருந்தாது. எல்லாக் குழந்தைகளும் அழுகின்றன. முப்பத்தெட்டு மருத்துவமனைகளின் குழந்தைகளுக்கு அக்கருவி கற்பதற்குரிய எண்களை ஒருவர் எழுதித் தரவேண்டும். பேச அறியாதவர்களிடம் கேட்க வழியில்லை என்பதால், கேட்காமல் மதிப்பிடும் திறன் மெய்ப்பிக்கப்பட்ட ஒருவரே அதற்குத் தகுந்தவர். எஸ்தர் பொன்மலர் முதன்மை அளவையாளராக நியமிக்கப்படுகிறார். அவர் எழுதும் எண்கள் மேல்முறையீட்டுக்கு உட்பட்டவை அல்ல.

"நான் அதுக்குத் தகுதி இல்லம்மா" என்றார் பொன்மலர். "அதைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"அதை நாங்க ஏத்துக்கல" என்றார் வேதநாயகி.

இரண்டாம் பக்கத்தில் தேதி ஒன்று பிழையாக அச்சாகியிருந்தது. அவர் அதைத் திருத்தி, திருத்தத்தின் அருகே சுருக்கொப்பமும் இறுதியில் முழுக் கையொப்பமும் இட்டார். மை உலர்ந்ததா என்று விரல்நுனியால் தொட்டுப் பார்த்தார். பின்னர் இருக்கையை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, தீர்ப்பைப் பொன்மலரிடம் இரண்டு கைகளாலும் நீட்டினார்.